பித்தளைப் பில்லை

கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டைத் தாண்டி
கன்டெய்னர் லாரிகள் வரிசையில் மூச்சு வாங்கும் சாலையில்
அந்தச் செங்கல் புகைபோக்கி இன்னும் நிற்கிறது.
கீழே புதுசாய்ப் புல்தரை, சிமென்ட் பெஞ்சு,
செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று ஒரு பலகை.
நாங்கள் கழற்றிவிட்டோம்.
பழக்கதோஷம்.

நாகபூஷணம்தான் கூப்பிட்டான்.
"வெள்ளக்காரன் பீர் ஃபேக்டரிய மியூசியம் ஆக்கிட்டானுங்க.
உள்ள ஒரு சொட்டு இருக்காதுடா, வா."
எனக்குப் பதினோரு மாதம்.
அவனுக்கு நாலு வருஷம்,
நடுவில் ஒரு தீபாவளி போக.

கவுன்ட்டரில் காகிதச் சீட்டு இல்லை.
உள்ளங்கையில் பித்தளைப் பில்லை ஒன்று வைத்தார்கள்.
என்னுடையது 412.
அந்தக் காலத்தில் கேட்டில் இதைப் போட்டால்தான் கூலி என்றாள்
சுற்றிக் காட்டும் பெண், ரூபவதி.
தொலைத்துவிட்டால்?
"அன்னிக்கு வேலையே செய்யலன்னு அர்த்தம் சார்."

செப்புக் கொப்பரைக்குள் இறங்க ஏணி வைத்திருக்கிறார்கள்.
ஒரு குடும்பம் அடியில் நின்று செல்ஃபி எடுத்தது.
குழந்தை "ஆ" என்றது.
கொப்பரை அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து
பெரிய ஆளின் குரலில் திருப்பித் தந்தது.

அடுத்த அறையில், கண்ணாடிக்குப் பின்னால், சாம்பல் நிறச் சேறு.
ஈஸ்ட். உயிருள்ளது என்றாள்.
சர்க்கரையைத் தின்னும், பெருகும்,
தின்றதைச் சாராயமாய்க் கழிக்கும்,
கழித்தது ஏற ஏற அதிலேயே கிடந்து சாகும்.
யாரோ சிரித்தார்கள்.
எவ்வளவு ஏறினால், என்று கேட்டேன்.
அவளுக்குத் தெரிந்திருந்தது. சதவீதத்தில் சொன்னாள்.
நான் கேட்டது அதை இல்லை என்று
நாகபூஷணத்துக்கு மட்டும் தெரியும்.
சுவரில் ஒரு போட்டோவைப் பார் என்பதுபோல
முழங்கையைத் தொட்டான்.

போட்டோவில் முப்பது பெண்கள், பாட்டில் தொட்டி ஓரமாய்.
கீழே: கழுவும் பிரிவு, பெயர்கள் தெரியவில்லை.
இரண்டாம் வரிசையில் ஒருத்தி
கட்டைவிரலில் துணி சுற்றியிருக்கிறாள்.

மோட்சமேரி அன்றைக்கு விளக்கைப் போடாமல் பொறுக்கினாள்,
பிள்ளை விழித்துவிடுமென்று.
நான் கட்டிலில் இருந்தேன்.
கண்ணாடித் துண்டுகள் முறத்தில் விழும் சத்தத்தை
எண்ணிக்கொண்டே தூங்கிப்போனேன்.

பிறகு ஒரு பொத்தான். அமுக்கினால் வாசம் வரும்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் அமுக்கி அமுக்கி
"ஐயே" என்று ஓடினார்கள்.
நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
நாகபூஷணம் ஜன்னலுக்குப் போய்விட்டான்.
மணலிப் பக்கக் காற்று, எண்ணெய் நாற்றம்.
அதை இவ்வளவு ஆசையாய் ஒருத்தன் இழுத்து
நான் பார்த்ததில்லை.

கடைசி அறையில் மேஜை, விளக்கு, கிளாஸ்கள்.
பில்லையைக் கொடுத்தால் அரைக் கிளாஸ்.
வேண்டாதவர்களுக்குப் பன்னீர் சோடா.
ஒரு சொட்டு இருக்காது என்றவனைப் பார்த்தேன்.
சத்தியமா தெரியாதுடா என்றான்.
பில்லையைக் கொடுத்துச் சோடா வாங்கினான்,
சத்தமாய் ஏப்பம் விட்டான்.
நான் எதையும் வாங்காமல் வாசலுக்கு வந்தேன்.

"சார், பில்லை? குடுக்கலன்னா இருநூறு கட்டணும்."
ஒரு குவார்ட்டர் காசு.
கட்டினேன்.
ரூபவதி நோட்டில் எழுதினாள்: 412, தொலைந்தது.

ராத்திரி
துவைக்க எடுத்த சட்டையை மோட்சமேரி முகர்ந்தாள்.
இன்னும் முகர்கிறாள்.
பிறகுதான் பையில் கைவிட்டாள்.
நம்பரை விளக்கில் காட்டிப் படித்தாள்.
"இத எங்க போடணும்?"
கேட்டில், என்றேன்.
ஈரக் கையோடு அதை
நான் விற்று அவள் மீட்ட கேஸ் சிலிண்டரின் தலையில் வைத்துவிட்டு
சட்டையைப் பக்கெட்டில் அமுக்கினாள்.